ஐப்பசி மழையும் ஒரு வெள்ளைத் துணியும்

1

ஊரிலிருந்து யார் திருவனந்தபுரம் வருவதாக இருந்தாலும் முதல் கேள்வி எனக்குத்தான் வரும். என்ன துணி எடுத்து வரட்டும்? நானும் சளைக்காமல் பதில் சொல்வேன். ஒருவராவது அதைக் கேட்டு நடந்ததாகத் தெரியவில்லை. போன ஆவணியில் என் சித்தி மகள் குடும்பத்தோடு சாமி கும்பிட வந்தாள். மலையாள தேசம் என்றால் மலைமேல் இருக்கும், குளிரும் என்று யாரோ சொன்னார்களாம். கம்பளிச் சால்வை, அடுக்கடுக்காகப் பட்டுச் சேலை, அவள் வீட்டுக்காரருக்குக் கோட்டு. கோயிலுக்குள் ஆண்கள் இடுப்புக்கு மேல் துணியில்லாமல்தான் போக வேண்டும் என்று தெரிந்ததும், அந்தக் கோட்டை யார் கையில் கொடுத்து வைப்பது என்பதே பெரும்பாடாகிவிட்டது. திரும்பிப் போகும்போது பட்டுச் சேலையில் பூசணம், கோட்டில் பூசணம், அவள் முகத்தில் கோபம். மழையை நான்தான் வரவழைத்தேன் என்பது போலப் பேசிவிட்டுப் போனாள்.

ஆகவே எல்லாருக்கும் பொதுவாக இங்கேயே எழுதிவிடுகிறேன். பட்டு வேண்டாம். தோல் செருப்பு வேண்டாம். இரண்டு நாள் மழையில் அதில் பச்சைப் பசேலென்று முளைக்கும். சாயத்துணி கொண்டு வந்தால் தனியாகச் சுற்றி வையுங்கள். நனைந்தால் பக்கத்தில் இருக்கிற எல்லாவற்றையும் தன் நிறமாக்கிவிடும். தகரப் பெட்டியின் அடியில் பழைய வேட்டி ஒன்றை விரித்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் துருக்கறை போகவே போகாது. பஸ் வாசலில் நின்று ஊதினாலும் சரி, ஈரத்துணியை மடித்துப் பெட்டியில் வைக்காதீர்கள். துணியில் விழுகிற கறுப்புப் புள்ளிக்கு இங்கே கரிம்பன் என்று பெயர். ஒரு தடவை விழுந்தால் துணி கிழிகிற வரைக்கும் கூடவே வரும். இந்த ஊர்க்காரர்கள் வெள்ளையே உடுத்துவதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. வெள்ளையை வெந்நீரில் போட்டு அவிக்கலாம், அடித்துத் துவைக்கலாம், கொஞ்சம் வெயில் தலைகாட்டினால் காய்ந்துவிடும்.

இதை இன்றைக்கு இவ்வளவு சுலபமாக எழுதுகிறேன். கல்யாணமாகி வந்த புதிதில் தெருவில் இறங்கவே தயங்குவேன். எதிரே வருகிற பெண்கள் எல்லாரும் வெள்ளை. திருநெல்வேலியில் ஒரு நல்ல காரியத்துக்குப் புறப்படும்போது எதிரே வெள்ளைச் சேலை வந்தால், வீட்டுக்குள் திரும்பிப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி கிளம்புவோம். இங்கே அப்படிச் செய்திருந்தால் தண்ணீர் குடித்தே வயிறு வெடித்திருக்கும். கடல் தாண்டவில்லை, ஒரு மலையைத்தான் சுற்றி வந்தோம். ஆனாலும் இது தனி மகாராஜா ஆளுகிற வேறு ராஜ்யம். காசு வேறு, தபால் வேறு. சுமங்கலியின் உடுப்பும் வேறு.

2

நாளைக் காலை என் மகள் மீனா அவள் அப்பாவோடு திருநெல்வேலிக்குப் போகிறாள். தீபாவளிக்கு என் அக்கா வீட்டில் இருப்பாள். காலேஜில் சேர்ந்த பிறகு போகிற முதல் பயணம் இது. கட்டிலின்மேல் பெட்டி திறந்து கிடக்கிறது. வெளியே துலா மழை. ஐப்பசி மழைக்கு இங்கே அதுதான் பெயர். காலையில் பளிச்சென்று வெயில் அடித்து ஆசை காட்டும். துணிகளையெல்லாம் கொடியில் போட்டு முடித்ததும், மூன்று மணிக்கு மேல் இடியோடு கொட்டும். தினம் இதே கதைதான். தினம் நானும் ஏமாந்து, குடையைத் தோளில் சாய்த்துக்கொண்டு கொடிக்கும் தாழ்வாரத்துக்கும் ஓடுகிறேன்.

மீனா எடுத்து வைத்திருப்பதெல்லாம் வெள்ளை. எல்லாம் கரை வைத்த, இடுப்பில் உடுத்தும் முண்டும் மேலே போடும் நேரியதும். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

“அங்க போயி இதையெல்லாம் உடுத்திக்கிட்டு நிக்கப் போறியா? அந்தப் பச்சைச் சேலைய வை. மாம்பழக் கலர் ஒண்ணு இருக்குல்லா, அதை வை.”

“அதொக்க நனைஞ்சா நாலு நாளைக்கு உணங்காதம்மா. வெள்ளைன்னா வேகம் உணங்கும், கேட்டியா. அங்கே ஆரு நோக்கப் போறா?”

‘உணங்கும்’, ‘நோக்க’. காயும், பார்க்க என்று அவளுக்கு வராது. நான் தமிழில் திட்டினால் மலையாளத்தில் பதில் வரும். அவள் அப்பா இங்கேயே பிறந்தவர்; அவர் சிரித்துக்கொண்டு நகர்ந்துவிடுவார். எங்கள் வீட்டில் முழுத் தமிழ் பேசுகிறது நான் ஒருத்திதான். அதுவும் கோபம் வரும்போது மட்டும்தான் என்று மீனா சொல்கிறாள்.

பச்சைச் சேலையை நான் பெட்டியில் வைத்தேன். அவள் எடுத்தாள். மறுபடி வைத்தேன். அப்போது திடீரென்று கேட்டாள்.

“அம்மா, அன்னிக்கு பஸ்ஸிலே நீ ஏன் என் கையை அப்படி நுள்ளினே? பெரியப்பாவுக்கு தீனம் வந்து போனோமே, அன்னிக்கு. நீலிச்சுப் போச்சு, எனக்கு ஓர்மை இருக்கு. ஏன்னு நீ இதுவரை சொன்னதில்லே.”

நான் கிள்ளியதைத்தான் கேட்கிறாள். அடுப்படிக்குப் போய்விட்டேன். அப்போது அவளுக்கு எட்டு வயது. பாதி நினைவிருக்கிறது, பாதி இல்லை. இத்தனை வருஷம் கழித்தும் வாய்திறந்து சொல்ல எனக்கு வரவில்லை. எழுத வருகிறதா பார்க்கிறேன்.

3

என் அக்கா கோமதிக்கும் எனக்கும் கூடப்பிறந்த ஆண்கள் கிடையாது. அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்துப் போன பிறகு என்னைக் கட்டிக் கொடுத்தது அக்காவின் வீட்டுக்காரர், என் அத்தான்தான். வாயைத் திறந்தால் கேலி பேசுகிற மனிதர். நான் ஊருக்குப் போனால் “மலையாளத்தா வந்துட்டா, எல்லாரும் மந்திரிச்சுக் கட்டிக்கிடுங்க” என்று தெருவுக்கே கேட்கக் கத்துவார். அவர் இருக்கிற வீட்டில் யாரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார முடியாது. அப்படிப்பட்டவருக்கு மார்ச்சளி கட்டிக் காய்ச்சல், நிலைமை மோசம், உடனே வரவும் என்று தந்தி வந்தது.

எங்கள் வீட்டுக்காரர் ஆபீசில் லீவு கேட்டார். அவருடைய மேலதிகாரி தந்தியை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, “மரிச்சிட்டில்லல்லோ? மரிச்சாலல்லே லீவு?” என்றாராம். செத்தால்தான் லீவு, சாகக் கிடந்தால் இல்லை. அதிலும் மனைவியின் அக்காள் புருஷன் என்பது எந்த விதியிலும் வராத உறவாம். கடைசியில் சம்பளமில்லாமல் போய்க்கொள்ளச் சொன்னார். வீட்டுக்கு வந்து இதை அவர் சொன்னபோது எனக்கு அந்த ஆபீசையே கொளுத்தலாம் போல இருந்தது.

அது போதாதென்று செல்லம்மக்கா வந்தாள். சாலைக் கடைத்தெருவில் அரிசி மண்டி வைத்திருப்பவரின் மனைவி, நம் ஊர்ப்பக்கத்துக்காரி. நல்லவள்தான். பெட்டி அடுக்கிக்கொண்டிருந்த என் பக்கத்தில் உட்கார்ந்து குரலைத் தாழ்த்தினாள்.

“ஏட்டி, நான் சொல்லுதேன்னு தப்பா நினைக்காத. வெள்ளைச் சேலை ஒண்ணு புதுசா வாங்கி அடியில வச்சுக்கோ. கோமதிக்குப் பொறந்த வீடுன்னா இனி நீதான. அங்க போயி, அந்த நேரத்துல, கொட்டுத மழையில எந்தக் கடைய தட்டப் போறிய?”

புரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் புருஷன் இறந்த பெண்ணுக்குப் பிறந்த வீட்டிலிருந்துதான் புது வெள்ளைச் சேலை வர வேண்டும். அண்ணன் தம்பி கொண்டு வந்து போடுவான். எங்களுக்கு அண்ணன் தம்பி இல்லை. செல்லம்மக்கா சொன்னதில் முறை தப்பு ஒன்றும் இல்லை. பொல்லாத மனசோடும் அவள் சொல்லவில்லை. ஆனாலும் எனக்குப் பொறுக்கவில்லை.

“இன்னொரு தடவ அந்தப் பேச்சை எடுத்திய, உங்க வீட்டுப் படி ஏறமாட்டேன்” என்றேன். “எங்க அக்கா தாலிய அறுக்க நானே பெட்டி கட்டிக்கிட்டுப் போகவா? அத்தான் உயிரோட இருக்காக. நல்லாயிருவாக.”

அவள் எழுந்து போய்விட்டாள். நான் பெட்டியில் இருந்த துணிகளை எல்லாம் வெளியே எடுத்து, வெள்ளையாக இருந்ததையெல்லாம், வேட்டி, துவர்த்துத் துண்டு தவிர, ஒதுக்கினேன். என்னுடைய உள்பாவாடையைக்கூடக் கலராகப் பார்த்து வைத்தேன். பைத்தியக்காரத்தனம்தான். எனக்கு அப்போது வேறு என்ன செய்யத் தெரியும்? கதவோரத்தில் நின்று மீனா இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். பெரியம்மாவுக்கு நாம் என்ன கொண்டு போகிறோம் என்று கேட்டாள். ஒன்றும் இல்லை, பேசாமல் போ என்று விரட்டிவிட்டேன்.

4

நாகர்கோவிலில் பஸ் மாறினோம். பெட்டியை மேலே ஏற்றி, மேலே போட்ட தார்ப்பாய் காற்றில் படபடவென்று அடித்துக்கொள்ள, ஆரல்வாய்மொழிச் சவுக்கைக்கு வந்து சேர்ந்தபோது நல்ல மழை. ராஜ்யம் விட்டு ராஜ்யம் போகிறவர்களின் பெட்டிகளைச் சோதிக்கிற இடம் அது. ஓலைச் சார்ப்புக்குக் கீழே ஒவ்வொரு பெட்டியாக இறக்கித் திறந்தார்கள். எங்கள் பெட்டியின் கொண்டி துருவேறி இறுகியிருந்தது. எங்கள் வீட்டுக்காரர் கல்லால் தட்டித் திறந்தார். திறந்த கொண்டி அதன்பிறகு மூடவில்லை.

சேலைகளுக்கு நடுவே வாழையிலைப் பொட்டலம் ஒன்று இருந்தது. நான் வைத்தது இல்லை. தீயில் வாட்டிய இலையில் மடிப்புக் குலையாமல் பொதிந்து, வாழைநாரால் குறுக்கே கட்டியிருந்தது. சோதனைக்காரர் எடுத்து மூக்கருகில் கொண்டு போனார்.

“இதெந்தா, சோறாணோ?”

“சோறல்ல சாரே” என்று மீனா முன்னால் வந்தாள். “புது நேரியதாக்கும். என்றெ பெரியம்மைக்கு.”

அவர் நாரை அவிழ்த்தார். மொடமொடவென்று கஞ்சி மணத்தோடு புது வெள்ளை முண்டும் நேரியதும், கரை உள்ளே போகும்படி மடித்து. ஓணத்துக்குப் பக்கத்து வீட்டுப் பாரதியம்மை மீனாவுக்குக் கொடுத்தது. பெரியவளானாலும் உடுத்தலாம் என்று முழு நீளத்தில் வாங்கியிருந்தார்கள். ஒரு தடவைகூட உடுத்தாமல், தினம் எடுத்து மோந்து பார்த்துவிட்டு உள்ளே வைப்பாள் அவள். அவளுக்கு இருந்ததிலேயே உயர்ந்த பொருள் அதுதான்.

“மிடுக்கிக் குட்டி! வல்யம்மைக்கு நல்லோணம் இஷ்டப்படும்” என்று சோதனைக்காரர் அவள் கன்னத்தைத் தட்டினார். மறுபடி இலையில் பொதிந்து அவள் கையிலேயே கொடுத்தார். அவர் இந்தப் பக்கத்து ஆள். அவருக்கு அது ஒரு குழந்தையின் ஆசை.

சார்ப்புக்குக் கீழே நின்ற மற்றவர்கள் திருநெல்வேலிப் பக்கத்து ஆட்கள். நாங்குநேரிக்குப் போகிற ஒரு அம்மாள் மெதுவாக என் அருகில் வந்து, “யாருக்கும்மா? எப்பம்?” என்று துக்கம் கேட்டாள்.

“யாருக்கும் ஒண்ணுமில்ல” என்றேன்.

பஸ்ஸில் ஏறியதும் பொட்டலத்தைப் பிடுங்கப் பார்த்தேன். மீனா நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். “நானல்லே கொடுக்கணும்? என்றெ முண்டல்லே?” என்று உரக்கக் கேட்டாள். பஸ்ஸில் எல்லாரும் திரும்பினார்கள். அப்போதுதான் கிள்ளினேன். அவள் அழவில்லை. பொட்டலத்தையும் விடவில்லை. கிள்ளிய இடத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

“பெரியம்மா கையில மட்டும் இதைக் கொடுக்காத” என்றேன்.

“ஏன்?”

“ஏன்னு கேக்காத.”

எப்படிச் சொல்வேன்? இந்தத் துணி எதற்கு என்று சொல்ல வேண்டுமானால் அத்தான் இறப்பதை வாயால் சொல்ல வேண்டும். உயிரோடு இருக்கிற மனிதரை வாயால் கொல்ல என்னால் ஆகாது. எங்கள் வீட்டுக்காரர், “ஜன்னல் வழியா போட்டிரலாமா?” என்று காதருகே கேட்டார். கேட்ட வேகத்தில் மீனாவின் முகத்தைப் பார்த்துவிட்டு அவரே வேண்டாம் என்றார். பணகுடி, வள்ளியூர், நாங்குநேரி என்று ஊர்கள் மழையில் போய்க்கொண்டிருந்தன. நான் ஒன்றையும் பார்க்கவில்லை. அந்த இலைப் பொட்டலத்தைத்தான் பார்த்துக்கொண்டு வந்தேன்.

5

தெருமுனையில் திரும்பியபோது அழுகுரல் கேட்கிறதா என்று காதைத் தீட்டினேன். இல்லை. அதன்பிறகுதான் நடையை எட்டிப் போட்டேன்.

அக்கா வாசலுக்கு வந்தாள். எலும்பும் தோலுமாக இருந்தாள். “வந்துட்டியா” என்று சொன்னாள், அவ்வளவுதான். வீட்டுக்குள் தவிட்டு ஒத்தடத்தின் வாடை, சாம்பிராணிப் புகை. கூடத்தில் நெடுக்கும் குறுக்கும் கயிறு கட்டி வேட்டி, போர்வை, சேலை என்று ஈரத்துணிகள் தொங்கின. குனிந்து குனிந்துதான் உள்ளறைக்குப் போக முடிந்தது. அத்தான் கண்ணை மூடிக் கிடந்தார். மூச்சு கூடத்துக்குக் கேட்டது. அக்காவின் மாமியார் தலைமாட்டில் உட்கார்ந்து முருகா முருகா என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

டாக்டர் கிளம்பிக்கொண்டிருந்தார். எங்களையும் நிறுத்திச் சொன்னார்.

“இன்னைக்கோ நாளைக்கோ உடம்பு நல்லா வேர்க்கும். வேர்த்து காய்ச்சல் இறங்கினா பிழைச்சார். ஆனா வேர்த்த உடம்பு ஈரத்துல கிடக்கக் கூடாது. ஒரு நிமிஷம் குளிர் ஏறினாலும் போச்சு. காய்ஞ்ச துணியா வச்சுக்கிட்டு மாத்திக்கிட்டே இருங்க.”

அக்கா என்னைப் பார்த்தாள். “உன் பெட்டியில இருக்குல்லா?”

பெட்டியைத் திறந்தேன். மூடாத கொண்டி வழியாக நாங்குநேரி மழை முழுக்க உள்ளே இறங்கியிருந்தது. என் பச்சைச் சேலையின் சாயம் எங்கள் வீட்டுக்காரர் வேட்டியில் ஏறி, துருத்தண்ணீர் சொட்டியது. பிழிந்து பிழிந்து கயிற்றில் போட்டோம். இனிக் கயிற்றில் இடமும் இல்லை. அக்கம்பக்கத்து வீடுகளிலும் இதே கதைதான். கொடுக்க முடிந்ததைக் கொடுத்துவிட்டிருந்தார்கள். எங்கள் வீட்டுக்காரர் குடையை எடுத்துக்கொண்டு ரத வீதிக் கடைகளுக்கு ஓடினார். நானும் அக்காவும் கரிச்சட்டியின் மேல் கூடையைக் கவிழ்த்து ஒவ்வொரு துணியாகக் காயப்போட்டோம். கருகின வாடை வந்ததே தவிரச் சீக்கிரம் காயவில்லை.

விளக்கு வைக்கிற நேரத்தில் அத்தானுக்கு வேர்க்க ஆரம்பித்தது. நெற்றியில் முத்து முத்தாகத் தொடங்கி, கொஞ்ச நேரத்தில் ஊற்றெடுத்தது போலப் பெருகியது. ஒரு வேட்டியால் துடைத்து மாற்றினோம். அது நனைந்தது. அடுத்ததை எடுத்தோம். கூடையில் காய்ந்து முடிந்தவை எல்லாம் தீர்ந்தன. அரைகுறை ஈரமாக இருந்ததை அக்கா கன்னத்தில் வைத்துப் பார்த்து, தலையை ஆட்டித் தூர எறிந்தாள். அத்தானின் கால் சில்லிட ஆரம்பித்தது. நான் உள்ளங்காலைத் தேய்த்தேன். வாசலைப் பார்த்தேன். கடைக்குப் போனவர் வரவில்லை.

மீனா அறை வாசலில் வந்து நின்றாள். கையில் அந்த இலைப் பொட்டலம்.

“பெரியம்மே” என்றாள். “இது நனையல்லே. நான் இலையிலே பொதிஞ்சல்லே வச்சேன். உங்களுக்குக் கொண்டு வந்தது.”

நாரை அவிழ்த்து அக்காவின் மடியில் வைத்தாள். விளக்கு வெளிச்சத்தில் அந்த வெள்ளை, அறை முழுக்க இருப்பது போல இருந்தது.

அக்காவின் மாமியார் எழுந்துவிட்டாள். “யாருட்டி இதை இந்த வீட்டுக்குள்ள கொண்டாந்தது? எம்புள்ளைக்கு மூச்சு ஓடிக்கிட்டிருக்கு! அதுக்குள்ள பொறந்த வீட்டுல இருந்து தூக்கிட்டு வந்துட்டாளா? வெளிய போங்கட்டி, ரெண்டு பேரும் வெளிய போங்க!”

அக்கா துணியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் மறக்கப் போவதில்லை. “நீ கொண்டாந்தியா?” என்று கேட்டாள். சத்தமே இல்லாமல் கேட்டாள்.

இல்லை என்று சொல்ல வேண்டும். இவள் சின்னப் பிள்ளை, எங்கள் ஊரில் இது விசேஷத்துக்கு உடுத்துவது, இவள் உனக்காகத் தன் உயிரையே மடித்து எடுத்து வந்திருக்கிறாள் என்று சொல்ல வேண்டும். ஒரு வார்த்தையும் வரவில்லை. அக்கா என்னைக் கைவிட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள் என்று மட்டும் மனசில் ஓடியது.

“நானாக்கும் கொண்டு வந்தது” என்றாள் மீனா. அவளுக்கும் இப்போது பயம் வந்துவிட்டது. “அம்மை கொடுக்கண்டான்னு சொன்னா. எனக்கு ஓணத்துக்குக் கிட்டினது. நல்லதாக்கும் பெரியம்மே. நோக்குங்கோ, நல்லா உணங்கினது.”

அக்காவுக்கு அவள் பேச்சில் பாதி புரிந்திருக்காது. ஆனால் கை தானாக அந்தத் துணியைத் தடவியது. எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள், சற்றுமுன் மற்றதை வைத்துப் பார்த்தது போல.

“காஞ்சிருக்கு” என்றாள்.

“கோமதி! வேண்டாம்!” மாமியார் கட்டிலுக்கும் அவளுக்கும் நடுவே வந்து நின்றாள். “படுத்துக் கிடக்கவன் மேல புது வெள்ளையப் போத்தாத. எம்மா, உன் காலைப் பிடிக்கேன். நான் பெத்த வயிறு பதறுதும்மா.”

“அத்தை, வழிய விடுங்க. அவுகளுக்குக் குளிருது.”

“அதுக்கு இதையா—”

“இந்த வீட்டுல காஞ்ச துணி இது ஒண்ணுதான் இருக்கு. விடுங்க.”

அக்கா அப்படிக் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. மாமியாரிடம் என்ன, என்னிடம்கூட. மாமியார் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். “பிடி” என்றாள் அக்கா என்னிடம். நான் அத்தானின் முதுகுக்குக் கீழே கை கொடுத்துத் தூக்கினேன். ஈரத்தை உருவி, இடுப்பில் முண்டு சுற்றி, நேரியதைக் கழுத்துவரை இழுத்துப் போர்த்தினோம். என் கையாலேயே அத்தானை மூடுகிறேன் என்று நினைத்தேன். ஒதுக்கி ஒதுக்கி வைத்துவிட்டு வந்த வெள்ளை கடைசியில் என் கையாலேயே அவர்மேல் ஏறியது. அக்காவின் முகத்தைப் பார்க்கத் துணிவு இல்லை.

அத்தானின் மூச்சு குறைந்துகொண்டே வந்தது. கூடத்துக்குக் கேட்ட மூச்சு அறைக்குள் மட்டும் கேட்டது. பிறகு கட்டிலருகில் இருந்தால்தான் கேட்டது. மாமியார் வந்து புறங்கையை மூக்கருகில் வைத்துப் பார்த்தாள். வைத்த கையை எடுக்கவே இல்லை. கடைக்குப் போனவர் நனையாத வேட்டிகளோடு வந்து சேர்ந்தார். அதற்குள் வேர்வை நின்றிருந்தது. தூங்குகிற உடம்பை அசைக்க யாருக்கும் தைரியம் வரவில்லை. அந்த வெள்ளையோடேயே விட்டுவிட்டோம்.

6

ஊரில் எங்களை விசாரிக்கிறவர்கள், பிள்ளை நம் முறை தெரியாமல் வளர்கிறாளே, பேச்சே மாறிப்போயிற்றே என்று சொல்வார்கள். எனக்கும் அந்தக் கவலை உண்டு. இல்லாவிட்டால் பச்சைச் சேலைக்காக இன்றைக்கு அவ்வளவு மல்லுக்கட்டியிருக்க மாட்டேன். என் மகள் நம் முறைகளில் பாதி தெரியாதவள்தான். அன்றைக்கு அந்த வீட்டில் முறை தெரிந்தவர்கள் நாங்கள் மூன்று பேர் இருந்தோம். முறை தெரியாதவள் ஒருத்திதான்.

அன்று விடிந்ததும் மழை விட்டிருந்தது. அக்கா கட்டில் காலில் சாய்ந்தபடி உட்கார்ந்திருந்தாள். மீனா கீழே பாயில் தூங்கிக்கொண்டிருந்தாள். மாமியார் என்னிடமோ அக்காவிடமோ ஒரு வார்த்தை பேசவில்லை.

அத்தான் கண்ணைத் திறந்தார். எங்கே இருக்கிறோம் என்பது போல உத்தரத்தைப் பார்த்தார். கை மெல்ல நெஞ்சுக்கு வந்து, போர்த்தியிருந்ததைத் தடவியது. நேரியதின் ஓரத்தில் விரல் அகலத்துக்குச் சரிகை இருந்தது. அந்தச் சரிகையைப் பிடித்துக் கண்ணுக்கு நேரே தூக்கப் பார்த்தார், முடியவில்லை. கையை இடுப்புக்குக் கொண்டுபோய்த் தடவினார்; அங்கேயும் சரிகைக் கரை.

“ஏட்டி” என்றார் அக்காவிடம். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல இருந்தது. “இன்னைக்கு யாருக்குட்டி கல்யாணம்?”

பதில் சொன்னது மாமியார்தான்.

“ஒனக்குத்தாம்ல” என்றாள். “எந்திரிச்சுக் கஞ்சியக் குடி.”

அத்தனை நாளும் அழாத அக்கா அப்போது தரையில் சரிந்து, தெருவே திரும்பிப் பார்க்கும்படி ஓவென்று அழுதாள். சத்தம் கேட்டுப் பக்கத்து வீடுகளிலிருந்து பெண்கள் தலைமுடியை அவிழ்த்துவிட்டுக்கொண்டு ஓடி வந்தார்கள். வந்தவர்கள் சரிகை வேட்டியோடு கட்டிலில் கிடந்த அத்தான் தங்களைப் பார்த்துச் சிரிப்பதைக் கண்டு, வாசலிலேயே நின்றுவிட்டார்கள்.